போகிக்கு முன் அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து வையுங்கள்

ரீயூனியன் தீவின் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், கோவில் நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். 1995இல் கல்யாணமாகி, பிரான்சைச் சேர்ந்த இந்தத் தீவுக்கு வந்தேன். பிரெஞ்சு தெரியும் என்ற நம்பிக்கையோடு வந்தவள், இங்கே வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். 20 வருடத்துக்கு மேலாக சேன் தெனியில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறேன். ஒர்தொனான்ஸை, அதாவது மருத்துவர் தரும் மருந்துச் சீட்டை, வாங்கிப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதும், அட்டையை இயந்திரத்தில் செருகிக் கணக்குப் பார்ப்பதும் என் வேலை. கோவில் திருவிழாக்களில் உங்களில் பலரைப் பார்த்திருக்கிறேன். அன்னதான வரிசையில் நின்றபடியே பெரியவர்கள் என்னிடம் அட்டையை நீட்டி "இதில் என்ன எழுதியிருக்கு பாரும்மா" என்று கேட்பதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

நான் கேட்பது இதுதான். வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், நம் மக்களுக்கு அவர்கள் பையில் இருக்கும் இரண்டு மருத்துவக் காப்பீட்டு அட்டைகளைப் படிக்கத் தமிழில் சொல்லிக்கொடுக்க உங்கள் மண்டபத்தில் இடம் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காரைக்கால் பக்கத்துப் பெரியம்மா ஒருவர். உறவு கிடையாது, ஆனால் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு ஜனவரி மாதம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் முத்யுவேல் (அரசுக் காப்பீடு தந்தது போக மீதியைத் தரும் துணைக் காப்பீடு) அட்டையைப் பார்த்துவிட்டு, இது காலாவதியாகிவிட்டது என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்குப் புரிந்ததோ, இனி மருந்து கிடையாது என்பதுதான். பதில் பேசாமல் பையை மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மகனிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று நினைத்தாராம். 19 நாள் மாத்திரை இல்லை. காய்கறி வாங்கப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மகன் எங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது அழுத்தம் பார்த்தோம். மேல் எண் 190ஐத் தாண்டியிருந்தது. உடனே மருத்துவரிடம் அனுப்பினோம். தப்பித்துக்கொண்டார்.

அன்று அவர் கொடுக்க வேண்டியிருந்த பணம் எவ்வளவு தெரியுமா? மூன்று பெட்டி மாத்திரை 20 யூரோ. அதில் 65 சதவீதம், 13 யூரோ, அரசுக் காப்பீட்டின் பச்சை அட்டையைச் செருகினாலே கழிந்துவிடும். மீதி 7 யூரோ. அதையும் கொடுத்துவிட்டு ரசீதை அனுப்பியிருந்தால் முத்யுவேல் திருப்பித் தந்திருக்கும். இதைவிட வருத்தமான விஷயம், புது வருடத்துக்கான அட்டை டிசம்பரிலேயே தபாலில் வந்துவிட்டது. பிரிக்காத உறையோடு, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. ஏதோ முக்கியமான காகிதம் என்று தெரிந்துதான் சாமிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். தமிழ்ப் பத்திரிகை கிடைத்தால் ஒரு வரி விடாமல் படிப்பார். அந்த இரண்டு அட்டைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் மொழியில் யாரும் ஒருமுறைகூட உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையை நம்மால் செய்ய முடியும்.

முதலில் பச்சை அட்டை. கார்த் வித்தால். 1998இல் வந்தது. முதலில் வந்ததில் படம் இருக்காது. 2007இலிருந்து கொடுப்பதில் நம் படம் இருக்கும். அட்டைகள் எத்தனையோ வைத்திருக்கிறோம், அதில் வெளியே மிகக் குறைவாக எழுதியிருப்பது இதில்தான். வெளியே தெரிவது பெயர், படம், ஒரு நீளமான எண், கொடுத்த தேதி. அவ்வளவுதான். முடிவுத் தேதி இருக்காது, ஏனென்றால் இதற்கு முடிவுத் தேதியே கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் சிப்பில் பதிந்திருக்கும் உரிமைகள் பழையதாகிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறையும், வேலை மாறினாலும், குழந்தை பிறந்தாலும், ஃபார்மசியில் இருக்கும் இயந்திரத்தில் செருகிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு நிமிட வேலை, காசு கிடையாது. நம் ஆட்கள் பலர் இது பணம் கொடுக்கும் அட்டை என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர், தங்கள் நோய் விவரம் முழுக்க இதில் எழுதியிருக்கிறது என்று பயந்து, கொடுக்கவே தயங்குகிறார்கள். இரண்டும் இல்லை. நீங்கள் யார், எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள், எத்தனை சதவீதம் உங்களுக்கு உண்டு என்பதைத்தான் இது சொல்கிறது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனை முடிவும் அதில் இல்லை.

அந்த நீளமான எண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 13 இலக்கம், அதன் பின்னால் தனியாக 2. முதல் இலக்கம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். அடுத்த இரண்டு பிறந்த வருடம், அதற்கடுத்த இரண்டு மாதம். பிறகு பிறந்த ஊர். என் அட்டையில் 2, 71, 08 என்று தொடங்கி, ஊர் வரும் இடத்தில் 99, 223 என்று இருக்கிறது. 99 என்றால் பிரான்சுக்கு வெளியே பிறந்தவர். 223 இந்தியா. என் மகனுடைய அட்டையில் அதே இடத்தில் 974, 11. 974 இந்தத் தீவு, 11 சேன் தெனி. சேன் பியேரில் பிறந்திருந்தால் 16 என்று இருந்திருக்கும், சேன் ஆந்த்ரே என்றால் 09. ஊருக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் பதிவின் வரிசை எண். கடைசியில் தனியாக நிற்கும் இரண்டு இலக்கம் ஒரு சரிபார்ப்பு. முதல் 13 இலக்கத்தையும் ஒரே எண்ணாக வைத்து 97ஆல் வகுத்து, வரும் மீதியை 97இலிருந்து கழித்தால் அந்த இரண்டு இலக்கம் வரும். தொலைபேசியில் ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், அதற்காகத்தான்.

இதை ஒரு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். பாட்டியின் எண்ணில் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். தமிழ் எண்ணுப்பெயர்களைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தன்னுடைய எண்ணை மட்டும் ஒருவர் இன்னொருவருக்குச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் இந்த நிரந்தர எண் கிடைக்காது. ஆணென்றால் 7, பெண்ணென்றால் 8 என்று தொடங்கும் தற்காலிக எண் ஒன்று தருவார்கள். பிறப்புச் சான்றிதழ் சரிபார்த்து முடியும்வரை பச்சை அட்டை வராது. அதற்காக வைத்தியம் கிடையாது என்று அர்த்தமில்லை. அத்தெஸ்தாசியோன் என்கிற சான்றுத் தாளைக் காட்டலாம். இல்லாவிட்டால் பணத்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவர் தரும் பழுப்பு நிறத் தாளைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்தத் தாளுக்கு 2 வருடம் வரை அவகாசம் உண்டு. இது தெரியாமல் தாள்களைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேர்!

பெயர் என்பது நம் ஆட்களுக்குத் தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதினால், இங்கே அதுவே குடும்பப் பெயராகிவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், அவருடைய அப்பா பெயரைச் சொல்லி. அப்பா ஊரில் இருக்கிறார், யாரோ வேறு ஒருவரைக் கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'யு' என்ற ஓர் எழுத்து போடும் இடத்தில் பிரெஞ்சில் 'ஓ', 'யு' இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். பச்சை அட்டையில் ஒரு மாதிரியும் முத்யுவேல் அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால், இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று சேராமல் போக வாய்ப்புண்டு. பணம் நடுவில் நின்றுவிடும். பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் என்று இன்னொரு சிக்கல். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த நம் முன்னோர் பெயர்களைப் பதிவேட்டில் காதில் விழுந்தபடி எழுதினார்கள். இன்றும் அவர்கள் வழிவந்த, இங்கே மல்பார் என்று அழைக்கும் குடும்பங்களில் ஒரே பெயர் நான்கு விதமாக இருக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நம்மால் முடியும்.

அட்டையில் தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. நமக்கென்று ஒரு மருத்துவரைப் பதிவு செய்திருக்கிறோமா என்பது. மெத்சேன் த்ரேத்தான் என்பார்கள். கணக்குக்காக மருத்துவர் கட்டணம் 30 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த மருத்துவரிடம் போனால் காஸ், அதாவது அரசு மருத்துவக் காப்பீடு (செக்யு என்றும் சொல்வார்கள்), 70 சதவீதம் தரும், 21 யூரோ. அதில் 2 யூரோவைப் பிடித்துக்கொண்டு 19 திரும்பி வரும். பதிவே செய்யாமல் போனால் 30 சதவீதம், அதாவது 9 யூரோ, 2 போனால் 7. அந்த வித்தியாசத்தை முத்யுவேலும் தராது. ஒரே மருத்துவர், ஒரே காய்ச்சல், கையில் 12 யூரோ குறைகிறது. பதிவு செய்ய ஒரு படிவமோ, மருத்துவர் தன் கணினியில் செய்யும் ஒரு வேலையோ போதும். பல் மருத்துவர், கண் மருத்துவர், பெண்கள் மருத்துவர் ஆகியோரிடம் நேராகப் போகலாம். அந்த 2 யூரோ 2024 மே மாதத்திலிருந்து. அதற்கு முன் 1 யூரோவாக இருந்தது. மருந்துப் பெட்டிக்கும் 1 யூரோ பிடிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 50 யூரோ உச்சவரம்பு. "கடையில் என்னை ஏமாற்றிவிட்டாய்" என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வங்கிக் கணக்கில் காசு குறைந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சரி, இப்போது இரண்டாவது அட்டைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே இதுதான்.

முத்யுவேல் அட்டை பெரும்பாலும் காகிதம். சில இடங்களில் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு முடிவுத் தேதி உண்டு. மேலேயே, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று போட்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். அடுத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று. கணவர் பெயர் மட்டும் இருந்து மனைவி பிள்ளைகள் பெயர் இல்லாத அட்டைகளைக் கவுண்டரில் நிறையப் பார்க்கிறேன். அதன் பிறகு இரண்டு எண்கள்: ஒன்று முத்யுவேல் நிறுவனத்தின் எண், இன்னொன்று உங்கள் உறுப்பினர் எண். நாங்கள் கணினியில் அடிப்பது இந்த இரண்டையும்தான்.

கீழே கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. மேலே சுருக்கெழுத்து: ஃபார், மெத், லாபோ, ஓக்ஸ்ம், ஒஸ்ப், ஒப்தி, தாந்த். மருந்து, மருத்துவர், பரிசோதனைக்கூடம், ஆஸ்பத்திரி, கண்ணாடி, பல். ஓக்ஸ்ம் என்பது வீட்டுக்கு வரும் நர்ஸ், பிசியோதெரபி செய்பவர் போன்றவர்கள். அதற்குக் கீழே எண்கள். சில அட்டைகளில் மருந்துக்குக் கீழே 100 என்றிருக்கும், சிலவற்றில் 35 என்றிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 100, எனக்கு 35தானா என்று ஒரு அக்கா வருத்தப்பட்டார். முதல் அட்டையில் செக்யு தரும் 65ஐயும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், இரண்டாவதில் முத்யுவேலின் பங்கை மட்டும். இரண்டு பேருக்கும் கிடைப்பது ஒன்றுதான். செக்யு 15 சதவீதம் மட்டும் தரும் மருந்துகளுக்கான கட்டம் சில அட்டைகளில் காலியாக இருக்கும். அந்த மருந்துக்கு மீதியை நாமே கொடுக்க வேண்டும் என்று அர்த்தம், அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

எண்ணுக்குப் பதிலாக பி, ஈ, சி என்று மூன்று எழுத்து போட்டிருந்தால், முதலில் முத்யுவேலிடம் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பொருள். ஆஸ்பத்திரி, கண்ணாடி, பல் ஆகிய கட்டங்களில் இது அதிகம் வரும். படுக்கப் போகும் நாளுக்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டால் தனி அறைக்கும் மற்றதற்கும் எவ்வளவு என்று எழுத்தில் கிடைத்துவிடும். பிறகு கேட்டால் முதலில் நம் பணம் போகும்.

சதவீதத்தைப் பற்றி என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் கணவருக்குக் கடைவாய்ப் பல்லில் கிரீடம் போட வேண்டியிருந்தது. எங்கள் முத்யுவேல் தாளில் பல்லுக்கு 200 சதவீதம் என்று இருந்தது. 200 என்றால் போட்ட பணத்துக்கு மேலேயே வரும் என்று நானும் நம்பினேன். ஃபார்மசியில் வேலை செய்கிற நான்! பல் மருத்துவர் தந்த தெவீயில், அதாவது முன்கூட்டித் தரும் செலவு மதிப்பீட்டுத் தாளில், விலை 700 யூரோ. அதே தாளில் ஓர் ஓரத்தில் அடிப்படைக் கட்டணம் 120 யூரோ என்று போட்டிருந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை. 200 சதவீதம் என்பது அந்த 120க்கு 200 சதவீதம். அதாவது 240. அதுவும் செக்யுவின் பங்கையும் சேர்த்து. செக்யு 60 சதவீதம், 72 யூரோ, முத்யுவேல் 168. மீதி 460 யூரோ எங்கள் தலையில். அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அதற்குப் போனது.

முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு வழி இருந்தது. 'நூறு சதவீத ஆரோக்கியம்' என்று பெயர் சொல்லி அழைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி மூன்றுக்கும், குறிப்பிட்ட வகைகளைத் தேர்ந்தெடுத்தால், முத்யுவேல் உள்ளவர்களுக்குக் கையிலிருந்து எதுவும் போகாது. கடைவாய்ப் பல் என்றால் உலோகக் கிரீடம் அதில் வரும். சிரித்தால் தெரியும் முன்பற்களுக்குப் பல் நிறத்திலேயே வரும். என் கணவர் பின்னால் இருக்கும் பல்லுக்குப் பல் நிறக் கிரீடம் கேட்டார், அது அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அப்படி ஒரு வகை இருந்தால் தெவீயில் எழுதிக் காட்ட வேண்டியது பல் மருத்துவரின் கடமை. எங்கள் தெவீயிலும் இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. யார்மேலும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கே இப்படியென்றால் மற்றவர்களுக்கு எப்படி என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

அதனால் நம் ஆட்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்ய வைத்தாலே போதும் என்று நினைக்கிறேன்: "கடைசியில் என் கையிலிருந்து எத்தனை யூரோ போகும்?" சதவீதத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். யூரோவில் பதில் கேட்கச் சொல்லுங்கள். தெவீயை முத்யுவேலுக்கு அனுப்பினால் அந்த எண்ணைச் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடலாம்.

நூறு சதவீதம் என்ற சொல் இன்னொரு இடத்திலும் நம்மைக் குழப்புகிறது. பிரான்சின் மாவட்டங்களில் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் விகிதம் நம் தீவில் மிக அதிகம். நம் குடும்பங்களில் அது இல்லாத வீடு குறைவு. நீண்ட கால நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோய் உண்டு. மருத்துவர் எழுதி, காஸ் ஒப்புக்கொண்டால் அந்த நோய்க்கான செலவை நூறு சதவீதம் காஸே ஏற்கும். இது பச்சை அட்டையின் வெளியே தெரியாது, சிப்புக்குள் இருக்கும். ஆனால் அந்த நூறு, அந்த நோய்க்கு மட்டும்தான். மருத்துவர் எழுதித் தரும் ஒர்தொனான்ஸ் இரண்டு பகுதியாக இருக்கும். மேல் பகுதியில் அந்த நோய்க்கான மருந்து, கீழ்ப் பகுதியில் முழங்கால் வலிக்கும் சளிக்கும் எழுதியது. மேலே இருப்பது நூறு, கீழே இருப்பதற்கு வழக்கமான சதவீதம். "எனக்கு நூறு உண்டே, இதற்கு ஏன் காசு கேட்கிறாய்" என்ற கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. ரத்த அழுத்தம் மட்டும் இருந்தால் 2011இலிருந்து அந்தப் பட்டியலில் இடமில்லை. பெரியம்மாவின் மாத்திரைக்கு 65 சதவீதம் மட்டும் கிடைத்தது அதனால்தான்.

வருமானம் குறைந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2019 நவம்பரில் பழைய இரண்டு திட்டங்களை ஒன்றாக்கி அரசு கொண்டுவந்த கோம்ப்ளெமாந்தேர் சாந்தே சொலிதேர் என்ற திட்டம். இதில் இருப்பவர்களுக்குத் தனி முத்யுவேல் அட்டை தேவையில்லை, உரிமை பச்சை அட்டையிலேயே பதிவாகிவிடும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், முடிவதற்கு 4 மாதத்திலிருந்து 2 மாதத்துக்கு முன்னால். இந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள்தான் எங்கள் கவுண்டரில் வந்து கண் கலங்குகிறார்கள். தமிழ் நாட்காட்டி அச்சடிக்கும் சங்கங்கள் இருந்தால், பண்டிகைத் தேதிகளுக்குப் பக்கத்தில் "என் உரிமை முடியும் நாள்" என்று ஒரு காலி இடம் விட முடியுமா? வீட்டுக்கு வீடு அவரவரே எழுதிக்கொள்ளட்டும்.

ஊரிலிருந்து கல்யாணமாகி வரும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வந்த காலத்தில் கணவரின் எண்ணுக்குக் கீழேதான் என் பெயர். 2016 ஜனவரியிலிருந்து வயது வந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் உரிமை. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், இங்கே முறையாகக் குடியிருந்தால் அவருக்கென்று எண், அவருக்கென்று அட்டை, அவருக்கென்று கணக்கு. எந்த மருத்துவரைப் பார்த்தார் என்பது அவருடைய கணக்கில் மட்டுமே தெரியும். வீட்டில் எல்லா அட்டைகளையும் ஒருவரே பூட்டி வைத்திருக்கும் வழக்கத்தைப் பார்க்கிறேன். அன்பினால் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டை அவரவர் பையில் இருக்க வேண்டும். குழந்தைகளின் பெயர் அம்மா அப்பா இருவர் அட்டையிலும் இருக்கலாம். நடு ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முன்னாலேயே சொல்ல முடியாதே.

கோவில் குழுவினருக்குத் தனியாக ஒன்று. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குருக்களையும், கோபுர வேலைக்கு ஸ்தபதிகளையும் வரவழைக்கிறீர்கள். அவர்கள் அதிகம் பேசுவது தமிழ். சாமியைத் தவிர அவர்களுக்கு இங்கே துணை நீங்கள்தான். மாதச் சம்பளத்தில் அவர்களை வைத்திருந்தால் சங்கமும் ஒரு முதலாளிதான். ஊழியருக்கு முத்யுவேல் ஏற்பாடு செய்து, அந்தத் தொகையில் பாதியாவது முதலாளி கட்ட வேண்டும் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. அட்டை வந்ததும் அவர் கையில் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தீ மிதிக்கும் நாளில் ஆம்புலன்ஸ் ஏற்பாட்டை எவ்வளவு கவனமாகச் செய்கிறீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களுக்கும் அதே கவனம் வேண்டும் என்று கேட்கிறேன்.

கைப்பேசிக்கு வரும் மோசடிச் செய்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் புதிய கார்த் வித்தால் தயாராக இருக்கிறது, தபால் செலவுக்குச் சில சென்ட் கட்டுங்கள், இங்கே அழுத்துங்கள் என்று வரும். கார்த் வித்தாலுக்கு ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியதில்லை. வங்கி அட்டை எண்ணைக் கேட்டால் அது திருட்டு. உடனே அழித்துவிடச் சொல்லுங்கள்.

இளையவர்கள் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள், தமிழில் இதையெல்லாம் யாருக்குச் சொல்வது என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். என் பதில்: பெரியம்மாவுக்கு, குருக்களுக்கு, போன மாதம் வந்திறங்கிய மருமகளுக்கு. அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். ஆனால் கவுண்டரில் அதிக நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போவது அவர்கள்தான். அப்புறம், பிரெஞ்சு பேசும் பேரன் பேத்திகளும் பாட்டியோடு அதே மேசையில் உட்காரட்டும். பி, ஈ, சி என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது. பாட்டி தமிழில் கேட்பாள், பேத்தி அட்டையில் தேடுவாள். வகுப்பில் கற்ற தமிழ் வீட்டில் முதல் தடவையாக ஒரு வேலைக்குப் பயன்படும்.

கடைக்காரர்களே சொல்லலாமே என்றும் கேட்பார்கள். சொல்கிறோம். ஆனால் பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது எவ்வளவு சொல்ல முடியும்? மற்றவர் காதில் விழும்படி "உங்களுக்கு இது கிடையாது" என்று சொன்னால் நம் பெரியவர்கள் கூனிக்குறுகிப் போவார்கள். கோவில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே கேட்டால் கேள்வி தானாக வரும்.

நாளையும் நான் யோசித்து வைத்திருக்கிறேன். முத்யுவேல் அட்டை மாறுவது ஜனவரியில். நமக்குப் பொங்கல் வருவதும் ஜனவரியில். பொங்கல் விழாவுக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு அட்டைகளையும், தபாலில் வந்து பிரிக்காமல் வைத்திருக்கும் உறைகளையும் கொண்டுவரச் சொல்லி உங்கள் அழைப்பிதழில் ஒரு வரி சேருங்கள். மண்டபத்தின் ஓர் ஓரத்தில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, கொஞ்சம் தள்ளி. அருகில் இருப்பவர் காதில் விழக்கூடாது. எனக்குத் தெரிந்த இரண்டு நர்ஸ்கள், ஒருவர் சேன் பெனுவாவில், ஒருவர் லெ போரில், தமிழ் பேசுகிறவர்கள், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்று இடத்துக்கு வருகிறேன். காசு வேண்டாம். யாருடைய எண்ணையும் நாங்கள் குறித்துக்கொள்ள மாட்டோம், படம் எடுக்க மாட்டோம். அவர்கள் கையில் அட்டை இருக்கும், நாங்கள் விரலை வைத்துக் காட்டுவோம், அவ்வளவுதான்.

போகி அன்று பழையதைக் கழிப்பது நம் வழக்கம். டிசம்பர் 31ஓடு முடிந்த அட்டைகளை வெட்டிப் போட நான் ஒரு கத்தரிக்கோலும் கொண்டுவருகிறேன். பச்சை அட்டையை மட்டும் யாரும் அந்தக் குவியலில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள, மேசைக்குப் பக்கத்தில் பெரியம்மாவை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.

எந்தச் சங்கம், எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
சேன் ஆந்த்ரேயிலிருந்து, புதுச்சேரியில் பிறந்த ஒரு ஃபார்மசி ஊழியை